தெரியாததைத் தேடிய கணக்கு

தெரியாது என்று சொல்லுவதை இழுக்கெனக் கருதுவோர் நம் நாட்டில் நிரம்ப உண்டு. மழை ஏன் பொய்த்தது என்று கேளுங்கள். மாரியின் சினம் என்பர். பிள்ளை ஏன் பிழைக்கவில்லை என்று கேளுங்கள், முன்வினை என்பர். நாள் முழுதும் நெய்பவன் ஏன் நைந்து கிடக்கிறான் என்று கேளுங்கள், தலையெழுத்து என்பர். எந்தக் கேள்விக்கும் அவர்களிடம் விடை உண்டு. எந்த விடைக்கும் சோதனைதான் இல்லை!

மனித குலத்துக்கு வேறொரு மரபும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது. அதற்கு ஒரு பெயரிடுவது. தெரிந்தவற்றோடு அதை இணைத்து நிறுத்துவது. பிறகு ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து அதன் உண்மை உருவைக் காண்பது. கண்டதையும் உடனே நம்பிவிடாமல், கேட்ட கேள்வியிலேயே திரும்பப் பொருத்திச் சரிபார்ப்பது. இந்த மரபுக்குக் கணித நூலார் இட்ட பெயர் சமன்பாடு. அதில் எளியது, ஒரே ஒரு தெரியாத எண்ணைக் கொண்ட ஒருபடிச் சமன்பாடு. இன்று நம் பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பிள்ளைகள் பாடந்தானே என்று தள்ளிவிட வேண்டாம். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மனித முயற்சி அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

தறிமேடையில் ஒரு கணக்கு

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள ஊர் குறிஞ்சிப்பாடி. கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கு ஒரு நெசவாளியை எண்ணிப் பார்ப்போம். எண்கள் நாம் வைத்துக்கொண்டவை, நிலைமை நாடறிந்தது. பாவும் நூலும் கொடுக்கும் முதலாளியிடம் அவர் 1,200 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். துண்டு ஒன்றுக்குக் கூலி 90 ரூபாய். அதில் செலவுக்கென்று 15 ரூபாய் பிடித்துக்கொள்ளப்படுகிறது. முன்பணம் முழுவதும் கழிக்கப்பட்ட பின் அவர் கைக்கு வந்தது 1,800 ரூபாய். எத்தனை துண்டுகளுக்குக் கூலி கணக்கிடப்பட்டிருக்கிறது?

தெரியாத அந்த எண்ணைக் ‘க’ என்று அழைப்போம். துண்டு ஒன்றுக்கு நிகரமாகக் கிடைப்பது 75 ரூபாய். ஆகவே,

75க − 1,200 = 1,800.

இதைத் தராசு என்று கருதுங்கள். இரு தட்டும் சமமாக நிற்கின்றன. ஒரு தட்டில் செய்ததை மறு தட்டிலும் செய்தால் சமன் குலையாது. இரு பக்கமும் 1,200 கூட்டுகிறோம்; 75க = 3,000. இரு பக்கமும் 75-ஆல் வகுக்கிறோம்; க = 40. திரும்பப் பொருத்துகிறோம்: நாற்பது எழுபத்தைந்து மூவாயிரம்; அதில் ஆயிரத்து இருநூறு போக ஆயிரத்து எண்ணூறு. சரி.

ஆனால் அந்த நெசவாளி நெய்து கொடுத்தது 46 துண்டுகள் என்றால்? அப்போது அவர் கைக்கு வந்திருக்க வேண்டியது 2,250 ரூபாய். 450 ரூபாய் எங்கே? ஆறு துண்டுகளின் கூலி எந்த ஏட்டில் மறைந்தது? தலையெழுத்து விழுங்கவில்லை, தோழர்களே, கணக்கெழுத்து விழுங்கியது! தலையெழுத்தைப் படித்தவர் எவரும் இல்லை. கணக்கெழுத்தைப் படிக்க ஒரு சமன்பாடு போதும். ஏழைக்கு இது ஏட்டுக் கல்வி அன்று, காவற்கருவி என்று நாம் சொல்லுவது இதனால்தான்.

ஒருவர் சொத்தன்று

இந்தக் கருவியைக் கண்டவர் யார்? எல்லாம் எங்கள் பழைய ஏட்டில் இருக்கிறது என்று மார்தட்டுவோரும் உண்டு. எல்லாம் மேனாட்டார் தந்தது என்று மண்டியிடுவோரும் உண்டு. வரலாறு இரு சாராரையும் ஏமாற்றிவிடுகிறது.

எகிப்து நாட்டில், பொது ஆண்டுக்கு முன் ஏறத்தாழ 1550-இல், ஆமெசு என்னும் எழுத்தர் தமக்கு முந்திய ஓர் ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தார். அந்தப் புல்தாள் சுருள் இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு தொகையும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, தொகை எவ்வளவு? ஆமெசு முதலில் 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழும் அதன் ஏழில் ஒன்றும் 8. வேண்டியதோ 19. எட்டு எத்தனை மடங்கானால் பத்தொன்பது ஆகுமோ, ஏழையும் அத்தனை மடங்காக்கு என்கிறார். விடை பதினாறும் எட்டில் ஐந்தும். தவறான ஊகத்தை அஞ்சாது எடுத்து, அது எவ்வளவு தவறு என்று அளந்து, அந்த அளவைக்கொண்டே சரியானதை அடையும் வழி இது. ஊகத்தை ஊகமாக வைத்தார், வேதவாக்காக ஆக்கவில்லை. அதனால் உண்மை கிடைத்தது.

இந்த நாட்டில், 499-ஆம் ஆண்டைச் சார்ந்த ஆரியபட்டரின் நூலில் ஒரு விதி இருக்கிறது. இருவர் செல்வம் சமம். இருவரிடமும் ஒரே வகைப் பொருள் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கிறது. உடன் வெவ்வேறு அளவு காசும் இருக்கிறது. காசுகளின் வேறுபாட்டைப் பொருள்களின் வேறுபாட்டால் வகுத்தால் ஒரு பொருளின் விலை கிடைக்கும். 1150-ஐ ஒட்டிய காலத்துப் பாசுகரர் இதற்கு எடுத்துக்காட்டுத் தருகிறார். ஒருவனிடம் 6 குதிரையும் 300 காசும். மற்றவனிடம் 10 குதிரையும் 100 காசு கடனும். இருவரும் சம செல்வர். நான்கு குதிரைகளின் விலை நானூறு காசு. ஒரு குதிரை 100 காசு. கடனும் ஓர் எண்தான் என்னும் தெளிவு இதற்குள் இருக்கிறது. 628-இல் பிரமகுப்தர் செல்வத்தைக் கூட்டெண்ணாகவும் கடனைக் கழித்தலெண்ணாகவும் கொண்டு அவற்றைக் கையாளும் விதிகளை வகுத்திருந்தார். நம் நெசவாளியின் முன்பணம் சமன்பாட்டில் கழித்தற்குறியோடு வந்து நின்றதே, அதன் மூதாதை அந்தக் கடன்தான்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல் குவாரிசுமி எழுதிய நூலின் பெயரிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல் உலகெங்கும் பரவிற்று. பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றுக்கு இது பயன்படும் என்று அவர் முன்னுரையில் கூறினார். 1557-இல் வேல்சு நாட்டவரான இராபர்ட்டு ரெக்கார்டு இரண்டு இணைகோடுகளைச் சமக்குறியாக அச்சேற்றினார். மறு ஆண்டே சிறையில் மாண்டார். 1637-இல் பிரெஞ்சு நாட்டு டேக்கார்ட்டு, தெரியாத எண்களுக்கு நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளை இடும் வழக்கத்தை நிலைநாட்டினார். எகிப்தியன், இந்தியன், அரபு மொழியில் எழுதியவன், வேல்சுக்காரன், பிரெஞ்சுக்காரன் எல்லாரும் சேர்ந்து நெய்த ஆடை இது. இதில் எந்த நூல் உயர்ந்த சாதி, எந்த நூல் தாழ்ந்த சாதி?

கணக்கிட்டவரும் கதை சொன்னவரும்

அறிவு பெருகினால் மூடநம்பிக்கை தானாக மடிந்துவிடும் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். வரலாறு அத்தனை எளிதாக இல்லை.

நிலவு மறைவது பூமியின் நிழலால் என்று ஆரியபட்டர் தம் நூலில் எழுதினார். அவருக்குப் பின் வந்த பிரமகுப்தரும் நிழலை வைத்தே கிரகணத்தைக் கணக்கிட்டார். ஆயினும், இராகு என்னும் தலை நிலவை விழுங்குகிறது என்ற கதையை மறுப்போர் வேதத்துக்கும் சுமிருதிக்கும் மாறானவர் என்று அவர் ஆரியபட்டரைச் சாடினார். கணக்கிடும்போது நிழல்; கருத்துரைக்கும்போது தலை! 1030-ஐ ஒட்டி இந்நாட்டைப் பற்றி எழுதிய அல் பிரூனி இம்முரண்பாட்டைக் கண்டு, இத்தனை பெரிய அறிவாளர் ஏன் இப்படிப் பேசினார் என்று வருந்திக் கடிந்தார்.

நம் கடலூருக்கு அண்மையில் உள்ள புதுச்சேரியிலும் ஒரு செய்தி உண்டு. ஜான் வாரன் என்பார் 1825-இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலிதம்’ என்னும் நூலில் அதைப் பதிந்தார். பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனத்தில் இருந்த வாய்பாடுகளைக் கொண்டே, அவ்வாண்டு மே 31-ஆம் நாள் இரவுச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். தொடக்கம் சில நிமிட வேறுபாட்டில் பொருந்தியது. வியக்கத்தக்க ஆற்றல்! ஆனால் அந்தக் கணக்கின் அடியில் உள்ள கொள்கை அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். கை கணக்கிட்டது, காரணம் கைக்கு எட்டவில்லை. அவரை நாம் பழிக்கவில்லை. ‘எப்படி’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்வித்து ‘ஏன்’ என்று கேட்க விடாத கல்வியைத்தான் பழிக்கிறோம். சோழி சரியாகச் சொன்ன அந்த நாட்டில்தான் பாம்பு விழுங்கும் கதையும் பழுதின்றி வாழ்ந்தது.

பலாவும் பழைய ஏடும்

தமிழில் கணக்கு நூல் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் அவற்றுள் புகழ் பெற்றது. நிலம், பொன், நெல், அரிசி, காலம் என்று வாழ்வின் அளவுகளையெல்லாம் அது எடுத்துக்கொள்கிறது. அதன் பல சுவடிகளைத் தொகுத்துத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1998-இல் பதிப்பித்தது. மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணும் முத்தொகை வினா நம் முன்னோர்க்குப் பழக்கமானது. இத்தனை மரக்கால் நெல்லுக்கு இத்தனை பணம், அப்படியானால் இத்தனை மரக்காலுக்கு எவ்வளவு என்பது முத்தொகை. ஒருபடிச் சமன்பாட்டின் உடன்பிறப்பு. பின்னங்களிலோ அவர்கள் முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கையும் தாண்டி, அந்த முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் கீழ்முந்திரி கண்டவர்கள்.

அந்த நூலில் பலாப்பழத்தைப் பிளக்காமலே சுளைகளை எண்ணும் விதி ஒன்று உண்டு. காம்பருகே உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை என்பது அது. முள் 100 என்றால் சுளை 120. குறிஞ்சிப்பாடியை அடுத்த பண்ருட்டி பலாவுக்குப் பேர் போன ஊர். ஆகவே இவ்விதியை மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். கைதட்டிய பின் என்ன செய்வது? அங்குதான் பகுத்தறிவுக்கு வேலை.

பலாப்பழம் ஒரே பூவிலிருந்து உண்டாவதன்று. பல பூக்கள் ஒன்றுகூடிய கூட்டுக்கனி. தோலில் உள்ள முள் ஒவ்வொன்றும் ஒரு பூவின் நுனி. கருவுற்ற பூ சுளையாகிறது. கருவுறாத பூ சடையாகிச் சக்கையோடு போகிறது. ஆகவே முள்ளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் இரு பழங்களில் சுளையின் எண்ணிக்கை வேறாக இருக்க இடமுண்டு. விதி ஒரு மதிப்பீடாகலாம். மாறாத சட்டமென்று அதை ஏற்பதற்கு முன் பழத்தைப் பிளந்து எண்ண வேண்டும். தமிழன் சொன்னான் என்பதற்காக நம்புவதும் தவறு; பழையது என்பதற்காகத் தள்ளுவதும் தவறு. பண்ருட்டிச் சந்தையில் பத்துப் பழம் வாங்கி, முள்ளை எண்ணி எழுதி, பிளந்து சுளையை எண்ணி எழுதி, இரண்டையும் ஒப்பிடுவது இளைஞர் மன்றங்கள் ஒரே மாலையில் முடிக்கக்கூடிய ஆராய்ச்சி. முன்னோரைப் போற்றும் சிறந்த வழி, அவர்கள் சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதே. ஆராய்ச்சி முடிந்தபின் சுளை மீதி இருக்கும் என்பது கூடுதல் வசதி!

திண்ணை யாருக்கு?

கணக்கு இருந்தது, கற்றவர் யார்? திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றப்பட்டன. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822-இல் தொடங்கிய விசாரணையின் முடிவுகள் 1826-இல் தொகுக்கப்பட்டபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகை 1 கோடியே 28 இலட்சத்துக்கு மேல். ஏறத்தாழ அறுபத்தெட்டுப் பேரில் ஒருவர் பள்ளியில். பெண்கள் மிகச் சிலர். சேரிப் பிள்ளைக்குத் திண்ணையேறும் உரிமை இல்லாத ஊர்களே பெரும்பாலானவை.

ஊர்க் கணக்கோ கணக்குப்பிள்ளையின் கையில். அந்தப் பதவியோ தந்தைக்குப்பின் மகனுக்கு. நிலம் எத்தனை குழி, தீர்வை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதை அவர் சொல்லக் கேட்டு உழவன் தலையசைத்தான். சமன்பாட்டின் இரு பக்கமும் ஒருவர் கையிலேயே இருந்தால் சமன் ஏது? பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் தமிழ்நாட்டில் 1980-இல் ஒழிக்கப்பட்டன. அதை ஆட்சித்துறைச் செய்தி என்று மட்டும் படிப்பவர் பாதியைத்தான் படித்தார். கணக்கு பிறப்போடு வருவது என்னும் கருத்து சட்டப்படி செத்த நாள் அது.

அறிவைத் தாய்மொழியில் எல்லாருக்கும் தர முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக் கல்விச்சாலையில் பயின்றவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவருமான கறல் விசுவநாத பிள்ளை, 1855-இல் இயற்கணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்னும் நூலாக எழுதினார். தமிழில் அறிவியல் வருமா என்று கேட்போருக்கு அந்த ஆண்டே போதிய விடை.

சிதம்பரத்தில் 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை எண்ணுங்கள். அவ்வாண்டு அங்கு ஆசிரியராக வந்தவர், 1901-இல் செங்கோட்டையை அடுத்த வல்லத்தில் பிறந்த சு. சி. பிள்ளை. குழந்தைப் பருவத்தில் தாயை இழந்தவர். பள்ளிப் பருவம் முடியுமுன் தந்தையையும் இழந்தவர். எந்த முழு எண்ணையும் எத்தனை அடுக்கெண்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1770-இல் வாரிங் எழுப்பிய வினாவுக்கு, சிதம்பரத்தில் இருந்தபடியே அவர் விடையின் பெரும்பகுதியைக் கண்டார். அமெரிக்கப் பேரறிஞர் டிக்சன் அதே காலத்தில் தனித்து அம்முடிவை எட்டினார். ஆறாம் அடுக்குக்கு 73 போதும் என்று பிள்ளை 1940-இல் நிறுவினார். 1950-இல், அமெரிக்காவில் கூடிய உலகக் கணிதப் பேரவைக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே வானூர்தி விபத்தில் மறைந்தார். ஒருபடிச் சமன்பாட்டில் கால்வைத்த பிள்ளை எங்கு சென்று சேரலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

விடையற்ற வினாவும் பொருளற்ற விடையும்

சமன்பாடு நமக்குக் கற்பிக்கும் இறுதிப் பாடம் ஒன்று உண்டு. எல்லாச் சமன்பாட்டுக்கும் ஒரு விடை வந்துவிடாது.

2க + 3 = 2க + 8 என்று ஒருவர் எழுதினால், இரு பக்கமும் 2க-வைக் கழிக்க, 3 = 8 என்று வருகிறது. எந்த எண்ணும் பொருந்தாது. கணிதம் வெட்கப்படாமல் விடை இல்லை என்று சொல்லிவிடுகிறது. பரிகாரம் செய்தால் மூன்று எட்டாகும் என்று சொல்லுவதில்லை!

2(க + 3) = 2க + 6 என்று மற்றொருவர் எழுதினால், எந்த எண்ணை இட்டாலும் பொருந்தும். ஒன்று இட்டாலும் சரி, ஓராயிரம் இட்டாலும் சரி. எல்லாவற்றுக்கும் பொருந்துவதால் ‘க’ எது என்று அது ஒன்றுமே சொல்லவில்லை. இப்போது சோதிடரின் வாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உமக்கு இவ்வாண்டு நன்மையும் உண்டு, இடையூறும் உண்டு. முயன்றால் பலன் உண்டு, தெய்வம் துணை வேண்டும் என்கிறார். யாருக்குப் பொருந்தாது இது? எல்லாருக்கும் பொருந்துவதாலேயே அது எவரைப் பற்றியும் எதையும் சொல்லவில்லை. பலித்துவிட்டது என்று நாம் வியக்கும் வாக்கு, பொய்க்கவே வழியில்லாத வாக்காக இருந்தால், அதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? பெயரின் எழுத்தைக் கூட்டி வாழ்வின் பலன் கூறும் எண் சோதிடமும் எண்ணைத் தொடுகிறதேயன்றிக் கணிதத்தைத் தொடுவதில்லை. விடையைத் திரும்பப் பொருத்தி, பொருந்தாவிடில் தவறென ஒப்புக்கொள்ளும் கட்டாயம் அங்கு இல்லை.

கட்டாயம் இருக்கும் இடத்தில் பயன் பாருங்கள். 30 விழுக்காடு தள்ளுபடிக்குப் பின் ஒரு சேலை 700 ரூபாய்க்கு விற்கப்பட்டதென்று வைத்துக்கொள்வோம். உண்மை விலை என்ன? 700-இன் மேல் முப்பது விழுக்காடு கூட்டி 910 என்பார் அவசரக்காரர். சமன்பாடு அப்படிச் சொல்லவில்லை. விலையின் நூற்றில் எழுபது பங்கு 700. ஆகவே விலை 1,000. சரிபார்த்தால், ஆயிரத்தில் முந்நூறு போக எழுநூறு. தள்ளுபடிக்காகக் கைத்தறிச் சங்கம் பெற வேண்டிய ஈடு 300 ரூபாயா, 210 ரூபாயா? சேலை ஒன்றுக்குத் தொண்ணூறு ரூபாய் வேறுபாடு. ஆயிரம் சேலைக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய். நெசவாளியின் அடுப்பு எரிவதும் அணைவதும் அந்த வேறுபாட்டில்தான்.

ஆகவே நம் படிப்பகங்களில் செய்தித்தாளோடு ஒரு கரும்பலகையும் இருக்கட்டும். மாலையில் அங்கு வரும் நெசவாளி தம் கூலிச் சீட்டையும், உழவர் தம் கடன் சீட்டையும், மகளிர் குழுவினர் தம் தவணை ஏட்டையும் கொண்டு வரட்டும். படித்த இளைஞர் அவற்றைச் சமன்பாடாக எழுதிக் காட்டட்டும். விடையைத் தாமே சொல்லிவிடாமல், கொண்டு வந்தவர் கையிலேயே சுண்ணக்கட்டியைக் கொடுத்து அவிழ்க்கச் செய்யட்டும். பிழை கண்டால் அந்தத் தாளோடு முதலாளியிடமும் சங்கத்திடமும் நேரில் சென்று கேட்கட்டும். தெரியாததற்குப் பெயரிட்டு, அதைத் தேடிக் கண்டு, கண்டதைச் சோதித்த மனிதன், தன் கூலியில் குறைந்ததைக் கேட்க எவருக்கும் அஞ்ச வேண்டியதில்லை.